ப்ராசஸ் எல்லாம் கூட்டினா 4.5 ஜிபி, இன் யூஸ்ல 12.9 ஜிபி: மீதி ராம் எங்க போச்சு?

கேள்வி இதுதான்: 16 ஜிபி ராம் இருக்கிற லேப்டாப், விண்டோஸ் 11. எதையும் திறக்காம சும்மா வச்சிருந்தாலே 82 சதவீதம் மெமரி காட்டுது. டாஸ்க் மேனேஜர்ல ஒவ்வொரு ப்ராசஸா (ஓடிட்டு இருக்கிற ப்ரோக்ராம்) உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாச்சு, நாலரை ஜிபி தாண்டல. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல இன் யூஸ் 12.9, அவைலபிள் 2.8, கமிட்டட் 15.2/18.3, பேஜ்டு பூல் 640 எம்பி, நான்-பேஜ்டு பூல் 6.7 ஜிபி. வைரஸ் ஸ்கேன்ல ஒண்ணும் சிக்கல. தினமும் ராத்திரி ஒழுங்கா ஷட்டவுன் பண்றாங்க. இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டா சரியாயிடுமா?

வாங்காதீங்க. இப்போதைக்காவது வாங்காதீங்க. விடையை நீங்களே கைப்பட எழுதிட்டு அதைத் தாண்டிப் போயிட்டீங்க, கடைசியில போட்டிருக்கிற நான்-பேஜ்டு பூல் 6.7 ஜிபி, அதுதான் ஆளு. 16 ஜிபி மெஷின்ல அது சாதாரணமா சில நூறு எம்பி இருக்கும், ஒரு ஜிபியைத் தொட்டாலே நான் ஒருதடவை திரும்பிப் பார்ப்பேன். ஆறே முக்கால்னா ஏதோ ஒரு டிரைவர் (வைஃபை மாதிரி ஹார்டுவேரை இயக்க விண்டோஸுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) ராமை வாங்கிட்டுத் திருப்பித் தராம உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். அது எந்த டிரைவர்னு கண்டுபிடிக்கலாம், அதுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க கணக்கு ஏன் உதைக்குதுன்னு சொல்லிடறேன், ஏன்னா இது புரியாமத்தான் முக்கால்வாசிப் பேர் குரோமைத் திட்டிட்டு இருக்காங்க.

டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸ் பக்கத்துல மெமரின்னு ஒரு காலம், அதாவது மேலிருந்து கீழ எண் வரிசை, இருக்குல்ல, அது காட்டுறது அந்தந்த ப்ராசஸ் தனக்குன்னு மட்டும், வேற யாரோடயும் பங்கு போடாம, இப்போ ராம்ல வச்சிருக்கிற அளவு. அவ்வளவுதான். வீட்டுச் செலவுல பசங்க ஒவ்வொருத்தரும் எவ்வளவு செலவு பண்ணாங்கன்னு மட்டும் கூட்டினா வாடகையும் கரண்ட் பில்லும் அதுல வராதில்ல, அதே கதைதான். பல ப்ராசஸ் சேர்ந்து பயன்படுத்துற டிஎல்எல் (பொதுவான கோட் ஃபைல்) பக்கங்கள் (பக்கம்னா ராமை விண்டோஸ் பிரிச்சு வச்சிருக்கிற குட்டித் துண்டு), விண்டோஸ் கெர்னல் (விண்டோஸோட மையப் பகுதி), டிரைவர்கள் எடுத்து வச்சிருக்கிறது, எந்த ப்ராசஸோட எந்தப் பக்கம் எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கிற பேஜ் டேபிள், இது எதுவும் அந்தக் காலத்துல வராது. அதனால கூட்டுத்தொகைக்கும் இன் யூஸ்க்கும் நடுவுல ஒண்ணரை ரெண்டு ஜிபி இடைவெளி இருந்தா அது சகஜம், விட்டுடுங்க. எட்டு ஜிபி இடைவெளி இருந்தா அதைத் தேடணும், அதைத் தேட வேண்டிய இடம் ப்ராசஸ் லிஸ்ட் கிடையாது.

இந்த இடைவெளியில இன்னொரு ஆள் ஒளிஞ்சிருப்பாரு, மெமரி கம்ப்ரஷன். விண்டோஸ் 10 வந்தப்போ சேர்த்தது. ராம் நெருக்கடி ஆகும்போது ரொம்ப நேரமா யாரும் தொடாத பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்றதுக்கு முன்னாடி சுருக்கி ராம்லயே வச்சிக்கும். ஆரம்பத்துல அந்தச் சுருக்கின மூட்டை எல்லாம் சிஸ்டம்ங்கிற ப்ராசஸ் கணக்குல விழுந்துச்சு, அதைப் பார்த்துட்டு சிஸ்டம் ரெண்டு ஜிபி சாப்பிடுதுன்னு ஊர் முழுக்க ஒரே கலவரம். அப்புறம் 2016ல அதுக்குன்னு தனி ப்ராசஸ் கொடுத்து டாஸ்க் மேனேஜர்ல தெரியாம மறைச்சுட்டாங்க, மறைச்சதும் புகார் நின்னுடுச்சு. இப்போ இன் யூஸ் எண்ணுக்குப் பக்கத்துலயே கம்ப்ரஸ்டுன்னு ஒரு எண் வருது பாருங்க, அதான் இது.

சரி, நான்-பேஜ்டு பூலுக்கு வருவோம். கெர்னலும் டிரைவர்களும் தங்களுக்கு வேணும்கிற மெமரியை ரெண்டு தொட்டியில இருந்து மொண்டுக்கும். பேஜ்டு பூல்ல இருக்கிறதைத் தேவைப்பட்டா டிஸ்க்குக்குத் தள்ளிடலாம். நான்-பேஜ்டுல இருக்கிறதைத் தள்ளவே கூடாது. ஏன்னா நெட்வொர்க் கார்டுல இருந்து ஒரு பாக்கெட் வருது, டிரைவர் அதை அந்தக் கணமே எடுத்து வைக்கணும், அந்த நேரத்துல அதுக்கு வேணும்கிற பக்கம் டிஸ்க்குல போய் உட்கார்ந்திருந்தா அது வர்ற வரைக்கும் காத்திருக்க அங்க வழியே இல்ல, சிஸ்டம் நேரா ப்ளூ ஸ்கிரீன் அடிச்சிடும். அதனால அந்தத் தொட்டி எப்பவும் ராம்லயேதான் இருக்கும், ஒரு பைட்டைக் கூட நகர்த்த முடியாது.

அதோட இன்னொரு விஷயம். ஒரு சாதாரண ப்ரோக்ராம் எவ்வளவு மோசமா மெமரியை லீக் பண்ணினாலும் அதை மூடின நிமிஷம் விண்டோஸ் எல்லாத்தையும் பிடுங்கிக்கும், ஏன்னா எது யாருதுன்னு அதுகிட்ட கணக்கு இருக்கு. டிரைவருக்கு அப்படி யாரும் கணக்குப் பார்க்கிறதில்ல. பூல்ல இருந்து எடுத்தா அதுவேதான் திருப்பி வைக்கணும். மறந்துச்சுன்னா அவ்வளவுதான், மறுபடி விண்டோஸ் முதல்ல இருந்து பூட் ஆகுற வரைக்கும் அந்த இடம் யாருக்கும் உதவாது. நீங்க எல்லா ப்ராசஸையும் எண்ட் டாஸ்க் குடுத்தும் ஒரு எம்பி கூட இறங்கலன்னா காரணம் இதான்.

"தினமும் ஷட்டவுன் பண்றேனே" அப்படிங்கிறீங்க. நல்ல பழக்கம்தான், ஆனா விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, பெரும்பாலான லேப்டாப்ல கடையில இருந்து வரும்போதே ஆன்ல இருக்கும். ஷட்டவுன் குடுத்தா உங்க ப்ரோக்ராம்களை மட்டும் மூடிட்டு கெர்னலை அப்படியே மடிச்சு ஹைபர்னேட் ஃபைல்ல எழுதி வச்சிடும், காலையில அதையே பிரிச்சு எடுத்துப் போட்டுக்கும், அதான் அவ்வளவு சீக்கிரம் ஆன் ஆகுது. அந்த மடிப்புக்குள்ள நேத்து லீக் ஆன பூலும் சேர்ந்தே வந்துடும். நம்பலன்னா டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல அப் டைம்னு இருக்கிறதைப் பாருங்க, தினமும் ஷட்டவுன் பண்றவங்களுக்கும் பல நேரம் அது 11 நாள், 20 நாள்னு ஓடிட்டு இருக்கும். ரீஸ்டார்ட்தான் நிஜமான ரீஸ்டார்ட். ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஷட்டவுன் குடுத்தாலும் முழுசா அணையும். இதைக் கேட்டுட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டு சரியாயிடுச்சுன்னு போயிடாதீங்க, ஓட்டை அப்படியேதான் இருக்கு, பானையைக் கவிழ்த்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க அவ்வளவுதான்.

இப்போ ஆளைப் பிடிக்கிற வேலை. டூல் எதுவும் போடாம முதல்ல ஒரு சோதனை பண்ணலாம். ரீஸ்டார்ட் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் விட்டு நான்-பேஜ்டு பூல் எண்ணைக் குறிச்சுக்கோங்க. அரைமணி நேரம் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மெஷினை சும்மா விடுங்க, மறுபடி குறிச்சுக்கோங்க. அப்புறம் வைஃபை ஆன் பண்ணி ரெண்டு மூணு ஜிபிக்கு ஏதாவது ஒரு ஃபைலை டவுன்லோட் போடுங்க, கடைசியா ஒருதடவை குறிச்சுக்கோங்க. வைஃபை இல்லாதப்போ அசையாம இருந்துட்டு டவுன்லோட் ஓடும்போது மட்டும் சரசரன்னு ஏறுச்சுன்னா, பாக்கெட் போற வழியில உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்தான் திருடன்: நெட்வொர்க் கார்டு டிரைவர், விபிஎன், ஆன்டிவைரஸோட நெட் ஃபில்டர், இல்லேன்னா கேமிங் லேப்டாப்ல கூடவே வருமே "நெட் ஸ்பீடு பூஸ்டர்" மாதிரி ஒண்ணு, அது. என் அனுபவத்துல அந்தக் கடைசி ஆள்மேலதான் எனக்கு முதல் சந்தேகம் போகும். யாரும் கேட்காம வந்து உட்கார்ந்து, இருக்கிற ஸ்பீடுக்கு மேல ஒண்ணும் தராம, நடுவுல ஒரு டிரைவரை மட்டும் சொருகி வச்சிருக்கும்.

சந்தேகத்தை உறுதி பண்ணணும்னா பூல்மான்னு ஒரு குட்டி டூல் இருக்கு, மைக்ரோசாஃப்ட்டோடதுதான். கொடுமை என்னன்னா அது தனியா கிடைக்காது, டிரைவர் எழுதுறவங்களுக்குன்னு இருக்கிற விண்டோஸ் டிரைவர் கிட்டை இறக்கினா அதுக்குள்ள டூல்ஸ் ஃபோல்டர்ல இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து அங்க இருந்து ஓட்டுங்க. கருப்புத் திரையில எண்ணா ஓடும், பயப்படாதீங்க. பி கீயை அமுக்கினா பேஜ்டு, நான்-பேஜ்டு, ரெண்டும்னு மாறி மாறி வரும், நான்-பேஜ்டு மட்டும் தெரியற மாதிரி நிறுத்துங்க. ஏபிசியில ரெண்டாவது எழுத்து பி இருக்குல்ல, அதை அமுக்கினா அதிக பைட் எடுத்தவன் மேல வருவான். (தமிழ்ல எழுதினா ரெண்டு கீயும் பி ஆயிடுது, முதல்ல சொன்னது பேஜ்டுவோட முதல் எழுத்து, ரெண்டாவது பைட்டோட முதல் எழுத்து.)

ஒவ்வொரு வரியிலயும் நாலு எழுத்துல ஒரு டேக் இருக்கும். டிரைவர் எழுதுறவங்க பூல்ல மெமரி கேட்கும்போது தன் அடையாளமா ஒட்டுற சீட்டு அது. பக்கத்துல எத்தனை தடவை எடுத்துச்சு, எத்தனை தடவை திருப்பித் தந்துச்சு, ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு பைட்னு வரிசையா இருக்கும். மேல இருக்கிறவனையெல்லாம் சந்தேகப்படக் கூடாது, சில டேக் இயல்பாவே பெரிசா இருக்கும். அந்த வித்தியாச எண் இறங்கவே இறங்காம ஏறிக்கிட்டே போறது எதுன்னு அரைமணி நேரம் விட்டு விட்டுப் பாருங்க, அதான்.

டேக் கிடைச்சுதா, அதை எழுத்து பெரிசா சின்னதான்னு கூட மாறாம அப்படியே எழுதி வச்சுக்கோங்க. சிஸ்டம்32க்குள்ள டிரைவர்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், கமாண்ட் ப்ராம்ப்ட்ல அங்க போய் ஃபைண்ட்-எஸ்-டி-ஆர் கமாண்டுக்கு ஸ்லாஷ் எம், ஸ்லாஷ் எல், அப்புறம் உங்க டேக், கடைசியா ஸ்டார் டாட் எஸ்ஒய்எஸ்னு குடுத்தா அந்த நாலு எழுத்து எந்தெந்த டிரைவர் ஃபைலுக்குள்ள இருக்குன்னு பேரைக் கொட்டும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு பேர்தான் வரும். அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் பார்த்தா எந்தக் கம்பெனி, எந்த வெர்ஷன்னு தெரியும். அப்புறம் லேப்டாப் கம்பெனி சைட்ல புது டிரைவர் இருக்கான்னு பாருங்க, இருந்தா போடுங்க, இல்லாட்டி அந்த சாஃப்ட்வேரையே தூக்கிடுங்க. வைஃபை ஓட அடிப்படை டிரைவர் போதும், பூஸ்டர் தேவையில்ல.

யூடியூப்ல இதுக்கு ஒரு ரெடிமேட் வைத்தியம் சுத்திக்கிட்டு இருக்கு, ரெஜிஸ்ட்ரியில என்டியூங்கிற சர்வீஸோட ஸ்டார்ட் வேல்யூவை 4 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுன்னு. அது எந்த ஆப் எவ்வளவு நெட் டேட்டா செலவு பண்ணுதுன்னு கணக்கெடுக்கிற விண்டோஸோட சொந்த டிரைவர். சிலருக்கு அதை நிறுத்தினா பூல் ஏறுறது நிஜமாவே நிக்குது, அதனால முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா டேக் பார்க்காம அதைச் செய்யறது காய்ச்சல் எதனாலன்னு பார்க்காம மாத்திரை போடற மாதிரி, உங்களுக்குப் பிரச்சினை வேற டிரைவர்ல இருந்தா டேட்டா கணக்கும் போச்சு, லீக்கும் அப்படியே இருக்கும்.

சில சமயம் டேக் டிரைவரோடதா இல்லாம விண்டோஸோட சொந்தச் சீட்டா இருக்கும், ப்ராசஸ், த்ரெட், ஈவன்ட் இதுகளோட முதல் நாலு எழுத்து மாதிரி. அப்போ டிரைவரை விட்டுடுங்க, ஏதோ ஒரு சாதா ப்ரோக்ராம் ஹேண்டிலை (விண்டோஸ்கிட்ட ஒண்ணைக் கேட்டு வாங்கும்போது கிடைக்கிற பிடி) திறந்துட்டு மூடாம விட்டிருக்கு. டாஸ்க் மேனேஜர் டீடெயில்ஸ் பக்கத்துல மேல இருக்கிற தலைப்புல ரைட் கிளிக் பண்ணி ஹேண்டில்ஸ் காலத்தைச் சேர்த்து அதை வச்சு வரிசைப்படுத்துங்க. சாதாரணமா சில நூறு, சில ஆயிரம் இருக்கும், லட்சத்துல ஒருத்தன் நின்னா அவன்தான்.

நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல இது நடந்துச்சு. அக்கவுண்ட்ஸ் பக்கம் இருந்த மெஷின் எல்லாம் 8 ஜிபி, மாசக் கடைசி ஆனா தவழும். யாரோ ராம் பத்தலன்னு முடிவு பண்ணி எல்லாத்துக்கும் 16 ஆக்கினாங்க, அடுத்த மாசக் கடைசியில பதினாறும் நிறைஞ்சிடுச்சு. ஓட்டைப் பானைக்குப் பதிலா அதைவிடப் பெரிய ஓட்டைப் பானை வாங்கி வச்சாச்சு. பார்த்தா ஒரு கண்காணிப்பு சாஃப்ட்வேர், நிமிஷத்துக்கு நாலு தடவை ஒரு குட்டி ப்ராசஸை ஓட்டி அதோட ஹேண்டிலை மூடாம விட்டிருக்கு. ப்ராசஸ் செத்துடும், ஆனா ஹேண்டில் திறந்தே இருக்கிறதால கெர்னல் அதோட மிச்சத்தை அடக்கம் பண்ணாம வச்சிருக்கும். ஒண்ணொண்ணும் சில பத்து கேபிதான். நாளைக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பிணம், மாசக் கடைசிக்கு எத்தனைன்னு நீங்களே பெருக்கிக்கோங்க. டாஸ்க் மேனேஜர்ல செத்தவங்க பேர் வராது, அதனால யாருக்கும் தெரியல.

அதை எனக்குக் காட்டிக் குடுத்தது ராம்மேப். மார்க் ருசினோவிச்சோட சிஸ்இன்டர்னல்ஸ் டூல்கள்ல ஒண்ணு, 2006ல அவரோட கம்பெனியையே மைக்ரோசாஃப்ட் வாங்கிடுச்சு, இலவசம், இன்ஸ்டால் கூட வேண்டாம். உங்களுக்கு இது அவசரமில்ல, ஆனா இதே கேள்வியோட வர்ற, பூல் எண் ரெண்டும் ஒழுங்கா இருக்கிறவங்களுக்கு இதுதான் வழி. முதல் பக்கத்துலயே ராம்ல இருக்கிற ஒவ்வொரு பக்கமும் எந்த வகைன்னு பிரிச்சுக் காட்டும். ஆக்டிவ் காலத்தை மட்டும் பாருங்க. பேஜ் டேபிள் ஒரு ஜிபிக்கு மேல போனா மேல சொன்ன பிணக் கதையா இருக்கலாம், ப்ராசஸ் பக்கத்துல ஒரே பேர் ஆயிரம் தடவை வரும். டிரைவர் லாக்டு பெரிசா இருந்தா பெரும்பாலும் ஏதோ விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது) ஓடுது. ஏடபிள்யூஇன்னு ஒரு வரி வீங்கியிருந்தா பெரும்பாலும் டேட்டாபேஸ். எஸ்க்யூஎல் சர்வர் போட்ட டெவலப்பர் மெஷின்ல மேக்ஸ் சர்வர் மெமரியை மாத்தாம விட்டா, அதோட டீஃபால்ட் 21474 லட்சம் எம்பிக்கும் மேல, அதாவது இருக்கிறது எல்லாம் எனக்கேன்னு எழுதி வாங்கின மாதிரி.

லினக்ஸை விண்டோஸுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு வேற ஒண்ணு. விஎம்மெம்னு ஒரு ப்ராசஸ் ஆறு ஏழு ஜிபி காட்டும். டபிள்யூஎஸ்எல் 2 ஒரு நிஜமான விர்ச்சுவல் மெஷின், டீஃபால்ட்டா உங்க ராம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கலாம், உள்ள இருக்கிற லினக்ஸ் அதை ஃபைல் கேஷ்க்கு நிரப்பிடும். லிமிட் போட யூசர் ஃபோல்டர்ல ஒரு கான்ஃபிக் ஃபைல் வைக்கணும், இல்லாட்டி வேலை முடிஞ்சதும் அதை ஷட்டவுன் பண்ணுங்க, மொத்தமும் உடனே திரும்பி வரும்.

ஸ்டேண்ட்பைன்னு ராம்மேப்ல பெரிசா ஒரு நிறம் தெரியும், அதைப் பார்த்துப் பதறாதீங்க. முன்னாடி படிச்ச ஃபைல் எல்லாம் மறுபடி தேவைப்படலாம்னு வச்சிருக்கிறது அது, யாராவது ராம் கேட்டா அந்த நிமிஷமே தூக்கிக் குடுத்துடும், அவைலபிள் எண்ணுல அதுவும் சேர்த்திதான். ராம் கிளீனர்னு விக்கிறாங்களே, அது செய்யற வேலை என்னன்னா ஓடிட்டு இருக்கிற ப்ராசஸ்கிட்ட இருந்து பக்கங்களைப் பிடுங்கி இந்தப் பக்கம் தள்ளிவிடுறது. சதவீதம் டப்புனு இறங்கும், மனசுக்கு நிம்மதி. அடுத்த கிளிக்ல அதே பக்கங்களை ப்ராசஸ் திரும்ப இழுக்கும், அதுக்குள்ள டிஸ்க்குக்குப் போயிருந்தா இன்னும் லேட்.

உங்க எண்கள்ல எனக்கு உறுத்தின இன்னொண்ணு கமிட்டட் 15.2/18.3. பின்னாடி இருக்கிற 18.3 உங்க ராமும் பேஜ் ஃபைலும் (ராம்ல இருந்து தள்றதை வைக்க டிஸ்க்குல ஒதுக்கின இடம்) சேர்ந்த எல்லை, முன்னாடி இருக்கிறது எல்லாருக்கும் சேர்த்து விண்டோஸ் தர்றேன்னு வாக்கு குடுத்தது. வாக்கு எல்லையைத் தொட்டா ராம்ல இடம் இருந்தாலும் மெமரி பத்தலன்னு எரர் வரும், ஆப் செத்து விழும். நீங்க இன்னும் மூணு ஜிபி தூரத்துலதான் இருக்கீங்க. யாராவது எஸ்எஸ்டி தேயும்னு பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணச் சொன்னா கேட்காதீங்க, லீக்கைச் சரி பண்ற வரைக்கும் அதை சிஸ்டமே பார்த்துக்கிற மாதிரி விட்டுடுங்க.

குரோம் பத்தி ஒரே வரி: ப்ராசஸ் கூட்டல் ஒழுங்கா டேலி ஆகி, லிஸ்ட்ல மேல ப்ரவுசர் நின்னா மட்டும் அதைப் பாருங்க. குரோமுக்குள்ள ஷிஃப்ட் எஸ்கேப் அமுக்கினா எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவுன்னு அதுவே சொல்லும். 2018ல ஒவ்வொரு சைட்டையும் தனித்தனி ப்ராசஸ்ல அடைச்சாங்க, பாதுகாப்புக்காக, அதுக்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் மெமரி ஆகும்னு கூகுளே சொல்லுச்சு. உங்க விஷயத்துல குரோம் நிரபராதி.

இன்னைக்கு ரீஸ்டார்ட் பண்ணிட்டு அந்த வைஃபை சோதனையை மட்டும் முடிச்சு மூணு எண்ணையும் சொல்லுங்க, ஏறுச்சுன்னா பூல்மான் டேக்கையும் சேர்த்து. டேக் இருந்தா எந்த டிரைவர்னு பார்த்துடலாம். ராம் விக்கிற கடைக்காரர் அதுவரைக்கும் காத்திருக்கட்டும்.